கையசைவில் ஓடும் கடிகாரம்

தானியங்கி என்னும் சொல் நம் காலத்தில் மிகவும் மலிந்துவிட்டது. கதவு தானே திறக்கிறது; விளக்கு தானே எரிகிறது; படிக்கட்டு தானே மேலேறுகிறது. இவற்றையெல்லாம் தானியங்கி என்று சொல்லும்போது, மனிதன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்றே பொருள் கொள்கிறோம். ஆனால் ஆட்டோமாட்டிக் வாட்ச் என்று எல்லாரும் அழைக்கும் தானியங்கிக் கைக்கடிகாரத்துக்கு இந்தப் பொருள் பொருந்தாது. அதன் பெயர் தானியங்கி. அதன் இயல்போ பெயருக்கு நேர்மாறானது. கட்டியிருப்பவர் இயங்கினால்தான் அது இயங்கும். கழற்றி மேசையறையில் வைத்துவிட்டால், ஏறக்குறைய ஒன்றரை நாள் ஓடிப் பார்த்துவிட்டு நின்றுவிடும்.

நாம் அணியும் பொருள்களில் நம் அசைவை உண்டு வாழ்வது இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மோதிரமும் கண்ணாடியும் நம்மைச் சார்ந்திருப்பவை அல்ல. இந்தக் கடிகாரமோ நம் நடையிலும் கைவீச்சிலும் தன் உணவைத் தேடிக்கொள்கிறது. மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இதைவிடச் சரியாக நேரம் காட்டும், விலையும் குறைவு. அப்படியிருந்தும் இதை விரும்புவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். அந்த விருப்பத்தின் காரணம் என்ன என்பதைச் சற்றே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

காலத்தை அளக்கும் கருவிகள் எல்லாம் பணியாள் ஒருவரை வேண்டி நிற்பவை. பழந்தமிழகத்தில் நாழிகை வட்டில் இருந்தது. முல்லைப்பாட்டில் வரும் பாசறையிலே, வட்டிலின் நீரைக் கொண்டு பொழுதளந்து அரசனுக்கு உரைப்பதற்கென்றே சிலர் இருந்தனர். பிறர் உறங்கும் வேளையில் அவர்கள் விழித்திருக்க வேண்டும். பிற்காலத்தில் சுவர்க்கடிகாரம் வந்தது. வாரத்துக்கு ஒருமுறை முக்காலியில் ஏறிச் சாவி கொடுக்க வீட்டில் ஒருவர் இருந்தார். கைக்கடிகாரம் வந்தபின் அப்பணி நாள்தோறும் செய்வதாயிற்று. காலையில் காப்பி குடித்தவுடன் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் திருகைப் பிடித்து, இருபது முப்பது முறை சுற்றிச் சாவி கொடுக்கும் பெரியவர்களை நம்மில் பலர் கண்டிருப்போம். கடிகாரம் காலத்தைக் காட்டும். காட்டுவதற்குரிய வலிமையை மனிதன்தான் கொடுக்க வேண்டும்.

இந்தப் பணியை மனிதன் அறியாமலே அவனிடமிருந்து வாங்கிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது. சுவிட்சர்லாந்தில் லெ லோக்ல் என்னும் ஊரில் வாழ்ந்த ஆபிரகாம் லூயி பெர்ரலே என்பவர், தானே சாவி ஏறும் பைக்கடிகாரத்தைச் செய்தார். பதினைந்து நிமிடம் நடந்தால் அது எட்டு நாள் ஓடும் என்று ஜெனீவாவின் கலைச் சங்கம் 1777இல் குறித்து வைத்தது. லியேஜ் நகரத்து யூபேர் சார்த்தோன், அசையும் எடை கொண்ட கடிகாரம் ஒன்றின் வரைபடத்தை 1778இல் பாரிஸ் அறிவியல் கழகத்திடம் அளித்தார். முதல்வர் யார் என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை. ஆனால் இருவரில் யார் வென்றாலும் ஒரு தடை அவர்கள் முன் நின்றது. அக்காலத்துக் கடிகாரம் கைக்கு வரவில்லை. சட்டைப் பையில் கிடந்தது. பைக்குள் கிடக்கும் பொருள் நடக்கும்போது மட்டும் குலுங்கும், உட்கார்ந்தால் அடங்கிவிடும். ஆகவே அக்கண்டுபிடிப்பு செல்வர்களின் வியப்புப் பொருளாகவே நின்றுவிட்டது.

முதல் உலகப் போரின்போதும் அதன் பின்னும் கடிகாரம் பையிலிருந்து மணிக்கட்டுக்கு வந்தது. கையைப் போல் ஓயாத உறுப்பு உடம்பில் வேறேது? எழுதும், துடைக்கும், வணங்கும், பேசும்போது உடன் பேசும். இந்த உண்மையைப் பயன்படுத்தியவர் ஜான் ஹார்வுட் என்னும் ஆங்கிலேயக் கடிகாரக் கைவினைஞர். சாவித் திருகின் வழியாகத் தூசியும் ஈரமும் உள்ளே புகுந்து கடிகாரத்தைக் கெடுப்பதை அவர் கண்டார். திருகே வேண்டாம் என்று முடிவு செய்து, கையசைவால் சாவி ஏறும் கைக்கடிகாரத்துக்கு 1924இல் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். அதில் எடை முழுவட்டமாகச் சுற்றாது; இருபுறமும் உள்ள சிறு வில்களில் மோதி மோதித் திரும்பும். பொருளாதார மந்தம் வந்தபோது அவருடைய நிறுவனம் நொடித்துப்போயிற்று, எண்ணம் நொடிக்கவில்லை. 1931இல் ரோலெக்ஸ் நிறுவனம், தடையின்றி முழுவட்டமாகச் சுழலும் எடையைக் கொண்டு வந்தது. 1948இல் எட்டர்னா நிறுவனம் அந்த எடையை மிகச்சிறிய எஃகுக் குண்டுகளின்மேல் சுழலவிட்டது. இன்று நாம் காணும் ஆட்டோமாட்டிக் வாட்சின் உருவம் இவ்வாறு அமைந்ததுதான்.

அதன் உள்ளமைப்பை அறிந்துகொள்வது கடினமன்று. பின்மூடியைத் திறந்தால் முதலில் தென்படுவது பிறைநிலா வடிவான உலோகத் தகடு. இதை ரோட்டார் என்பர். நடுவில் ஓர் அச்சில் இது பொருந்தியிருக்கும். எடை முழுவதும் ஒரே பக்கத்து விளிம்பில் இருப்பதால், கை எப்படித் திரும்பினாலும் கனமான பக்கம் கீழே போக முயலும். அந்த முயற்சியே சுழற்சியாகிறது. சிலவகைக் கடிகாரங்களில் இது எப்பக்கம் சுழன்றாலும் சாவி ஏறும். வேறு சிலவற்றில் ஒருபக்கச் சுழற்சிக்கு மட்டுமே ஏறும். மறுபக்கம் சுழலும்போது ரோட்டார் கட்டற்று ஓடும். அவ்வேளையில் மணிக்கட்டில் ஒரு மெல்லிய அதிர்வு தோன்றும். பழகியவர்களுக்கு அது பிடித்தமானதாகிவிடும்.

ரோட்டாரின் சுழற்சி சிறு பற்சக்கரங்கள் வழியே சென்று, மூடிய உருளை ஒன்றினுள் இருக்கும் சுருள்வில்லை இறுக்குகிறது. இறுகிய வில் விரிய முனைகிறது. விரியும் அந்த விசைதான் கடிகாரத்தின் உயிர். வில் முழுவதும் இறுகியபின்னும் கை வீசிக்கொண்டே இருந்தால் வில் அறுந்துபோகாதா என்று கேட்கலாம். அறுந்துபோகாது. சாவி கொடுக்கும் கடிகாரத்தில் வில்லின் வெளிமுனை உருளையோடு பிணைக்கப்பட்டிருக்கும். இதிலோ அம்முனை உருளையின் சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். அளவுக்கு மீறினால் வழுக்கி விட்டுக்கொடுக்கும். உண்டது போதும் என்று சொல்லத் தெரிந்த வயிறு அது.

வில்லின் விசையை அப்படியே விட்டால் முள்கள் நொடியில் சுழன்று ஓய்ந்துவிடும். ஆகவே விசையைச் சிறிது சிறிதாக அளந்து விடுவதற்கு ஒரு காவலர் வேண்டும். பாலன்ஸ் என்று பழுதுபார்ப்போர் சொல்லும் சமநிலைச் சக்கரமும், நங்கூரத்தைப் போன்ற கவை ஒன்றும் அந்தக் காவலைச் செய்கின்றன. தலைமயிர்போல் மெல்லிய வில் ஒன்றின் பிடியில் அச்சக்கரம் இப்புறமும் அப்புறமும் ஊசலாடும். ஒவ்வோர் ஊசலிலும் கவை ஒரு பல்லை மட்டும் விடுவிக்கும். காதருகே வைத்தால் கேட்கும் டிக் டிக் ஓசை, இந்தப் பிடித்தலும் விடுதலும்தான். தேய்மானம் மிகுந்த இடங்களில் செயற்கை மாணிக்கக் கற்கள் பதிக்கப்பட்டிருக்கும். பதினேழு கல் வாட்ச், இருபத்தொரு கல் வாட்ச் என்று நம் வீடுகளில் பெருமையாகச் சொல்லப்பட்டது இவற்றைத்தான்.

சீக்கோ, சிட்டிசன் ஆகியவற்றின் பல ஆட்டோமாட்டிக் வாட்சுகளில் இந்தச் சக்கரம் நொடிக்கு ஆறு முறை துடிக்கிறது. மணிக்கு 21,600 துடிப்பு, நாளொன்றுக்கு 5,18,400. முதன்முதலில் இந்த 21,600 என்னும் எண்ணைக் கேட்டபோது நான் சற்றுத் திகைத்தேன். மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது நம் யோக நூல் மரபு. நாழிகைக்கு 360 வீதம் அறுபது நாழிகைக்கு அத்தனை மூச்சு. தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் வேய்ந்த பொன்னோடுகளும் அந்த எண்ணைக் குறிப்பவை என்பர். நம் மூச்சு ஒரு நாளில் எட்டும் எண்ணைக் கடிகாரம் ஒரு மணியில் எட்டிவிடுகிறது. இது தற்செயலான ஒற்றுமை. இதில் மறைபொருள் தேடத் தேவையில்லை. வட்டத்தையும் நாளையும் அறுபதாகப் பகுத்தவர்கள் எல்லா நாட்டிலும் இத்தகைய எண்களிலேயே வந்து சேர்வர். ஆயினும் மூச்சுக்கும் துடிப்புக்கும் ஒரே எண் வாய்த்தது மனத்துக்கு இனியதாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. தானே ஓடுகிறது என்பதால் ஒன்றுமில்லாமல் ஓடுகிறது என்று சிலர் எண்ணுகிறார்கள். இயற்கையில் இலவசம் ஏதுமில்லை. காலையில் உண்ட இட்டிலி நம் தசையில் வலிமையாகிறது. தசை கையை வீசுகிறது. கை ரோட்டாரைச் சுழற்றுகிறது. ரோட்டார் வில்லை இறுக்குகிறது. கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தால் அந்தக் கடிகாரம் இட்டிலியால் ஓடுகிறது. வயலில் விளைந்த நெல்லாலும் உளுந்தாலும் ஓடுகிறது என்றும் சொல்லலாம்.

நம் நாட்டுக்கு இக்கருவி வந்த வரலாறு பெங்களூரோடு பிணைந்தது. மைய அரசின் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1961இல் அங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா என்னும் சாவி கொடுக்கும் கடிகாரம் எளியோர் கைகளையும் எட்டியது. பின்னர் வந்த ஆட்டோமாட்டிக் வகைகளில் ஒன்றுக்கு வடமொழிப் பொன்னைக் குறிக்கும் பெயரை இட்டார்கள். வடக்கே கஞ்சன் என்றால் பொன். நம்மிடத்திலோ அது கருமியின் பெயர். எச்.எம்.டி. கஞ்சன் கட்டியிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் தமிழர் கூட்டத்தில் சிரிப்பு எழும். எனினும் சாவி கொடுக்காமலே ஓடும் அந்தக் கடிகாரம் எளிதில் கிடைக்காத பொருளாகவும், மணமகனுக்கு அளிக்கும் பரிசாகவும் மதிப்புப் பெற்றிருந்தது.

என் தாய்மாமன் அதைத்தான் கட்டியிருந்தார். அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து 1958இல் பம்பாய்க்கு வந்தவர். பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு என்னையும் அழைத்து வந்து ஆளாக்கியவர். ஒரு வணிக நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலை. வேலையில் இருபத்தைந்து ஆண்டு நிறைந்தபோது, 1983இல், தாமே சேர்த்துவைத்த பணத்தில் அந்தக் கடிகாரத்தை வாங்கினார். கருமி வாட்ச் என்று நாங்கள் கேலி செய்வோம். “கருமிதான்; ஒரு அசைவையும் வீணாக்காது” என்பார். செம்பூர் வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடை. மின்ரயிலில் கைப்பிடியைப் பற்றித் தொங்கும் பயணம். அலுவலகத்தில் பேரேடுகளைத் தூக்கி வைத்தல். மாலையில் காய்கறிப் பையோடு திரும்புதல். நாளெல்லாம் ஓயாத கை அது. முப்பது ஆண்டுகள் அவர் அக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததாக நினைவில்லை. அதற்கு வேண்டியதைப் பம்பாய் வாழ்க்கையே கொடுத்தது.

இதற்குள் உலகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. 1969ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மின்கலத்தின் விசையால் அதிரும் சிறு படிகம் அதில் காலத்தை அளக்கிறது. இன்று பரவலாக உள்ள குவார்ட்ஸ் கடிகாரத்தில் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. நொடிக்கு ஆறு எங்கே, முப்பத்திரண்டாயிரம் எங்கே! நல்ல ஆட்டோமாட்டிக் வாட்சும் நாளொன்றுக்குச் சில நொடியேனும் முந்தும் அல்லது பிந்தும். மலிவான குவார்ட்ஸ் கடிகாரம்கூட மாதத்துக்குப் பதினைந்து நொடியளவே தவறும். சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலாளர் தொகை இருபது ஆண்டுகளுக்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. நம் நாட்டிலும் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம், ஓசூரில் ஆலை அமைத்து, குவார்ட்ஸ் கடிகாரங்களால் சந்தையை வென்றது. எச்.எம்.டி. தளர்ந்தது. அதன் கைக்கடிகார நிறுவனத்தை மூடுவதென 2016இல் மைய அரசு முடிவு செய்தது.

சரிநுட்பம் ஒன்றே அளவுகோலானால் ஆட்டோமாட்டிக் வாட்ச் அன்றே அருங்காட்சியகத்துக்குப் போயிருக்க வேண்டும், அப்படிப் போகவில்லை. இன்றும் புதியவை செய்யப்படுகின்றன. இளைஞர்கள் தேடி வாங்குகிறார்கள். அதன் நொடிமுள் நொடிக்கு ஒருமுறை தாவாமல் வழுகி நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்கிறார்கள். பின்மூடி கண்ணாடியாக இருந்தால் உள்ளே சக்கரங்கள் துடிப்பதைக் காணலாம் என்கிறார்கள். இவை உண்மையே, ஆனால் கண்ணுக்குரிய காரணங்கள். மனத்துக்குரிய காரணம் வேறு என்பது என் துணிபு. மற்றக் கடிகாரங்கள் பொதுவான காலத்தைக் காட்டுகின்றன. இது அந்தக் காலத்தோடு அணிந்தவர் நடமாடுகிறார் என்பதையும் காட்டுகிறது. அதை எனக்கு உணர்த்தியது என் மாமாவின் கடிகாரமே.

2012ஆம் ஆண்டு வாக்கில் அது அடிக்கடி நிற்கத் தொடங்கியது. காலையில் பார்த்தால் இரவு இரண்டு மணியில் நின்றிருக்கும். ஆட்டினால் ஓடும்; மறுநாள் மீண்டும் நிற்கும். ஓவர் ஆயில் செய்ய வேண்டும் என்று மாமா அதை என்னிடம் கொடுத்தனுப்பினார். நிலையத்துக்கு அருகில் மாடிப்படியின் கீழ் கடை வைத்திருந்த மராட்டியர் ஒருவர்தான் அதற்கு நெடுங்காலம் வைத்தியர். கண்ணில் குழல்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு திறந்து பார்த்தார். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார். போனபோது கடிகாரம் அவர் கையிலேயே இருந்தது. கழற்றிக் கொடுத்தவர் கூலி வாங்கவில்லை. “இதில் குறை ஒன்றுமில்லை. என் கையில் நாலு நாளாக நிற்காமல் ஓடுகிறது” என்று இந்தியில் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அண்ணா இப்போதெல்லாம் அதிகம் நடப்பதில்லையோ?” என்று கேட்டார்.

நடப்பதில்லை. முழங்கால் வலியால் மாமாவின் மாலை நடை நின்று ஓராண்டாகியிருந்தது. சாய்வு நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்குமே அவர் நடமாட்டம். அதை நாங்கள் யாரும் அளந்து பார்த்ததில்லை, கடிகாரம் அளந்திருந்தது. கடைக்காரர் சொன்னதை மாமாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன். அவர் சிறிது நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ வாட்சு சரியாத்தான் சொல்லுது” என்றார்.

திருகைச் சுற்றினால் அந்தக் கடிகாரம் ஓடும். ஆனால் மாமாவின் விரல் மூட்டுகள் வீங்கியிருந்தன. அவ்வளவு சிறிய திருகைப் பிடித்துச் சுற்ற முடியவில்லை. நான் சாவி கொடுத்து வைக்கிறேன் என்று அத்தை சொன்னதற்கு அவர் இணங்கவில்லை. “சாவி கொடுத்து ஓட்டணும்னா ஜனதாவே போதுமே” என்றார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். “மருமவனே, நீ தினம் முலுண்டுல இருந்து வி.டி. வரைக்கும் போறே, வாறே. வாரம் பூரா உன் கையிலே ஓடட்டும். ஞாயித்துக்கிழமை கொண்டா. ஒரு நாள் நான் கட்டிக்கிடுதேன்.”

அப்படியே நடந்தது. ஆறு நாள் அது என் கையில் மின்ரயிலில் தொங்கியது, கோப்புகளைப் புரட்டியது. ஞாயிறு காலை முலுண்டில் ஏறி, குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கி, அவர் கையில் அதைக் கட்டிவிடுவேன். அன்று அவர் பழைய நண்பர் யார் வந்தாலும் மணி பார்த்துச் சொல்வார். மாலையில் கழற்றி என் கையில் கட்டியனுப்புவார். வானொலியோடு ஒப்பிட்டு இந்த வாரம் எத்தனை நொடி முந்தியது என்று கேட்பார். ஐந்தாண்டுகள் இவ்வழக்கம் தொடர்ந்தது. சில வாரங்களில் எனக்கு உடல்நலம் குன்றிப் படுத்திருந்தபோது என் மகன் கட்டிக்கொண்டு போனான். அவரைப் பார்க்கப் போவதற்கு எங்களுக்கு வேறு காரணம் தேவைப்படவில்லை. எச்.எம்.டி. மூடப்படும் செய்தியை நாளிதழில் படித்தபோது, இனி இதற்கு உதிரிப்பாகம் கிடைக்காதே என்று மட்டும் வருந்தினார். 2017ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவர் மறைந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் கடிகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மாமாவின் மகன், அதற்கென்றே ஒரு பெட்டி விற்கிறது என்றார். மின்சாரத்தால் மெல்லச் சுழலும் பெட்டி. கடிகாரத்தை அதனுள் வைத்துவிட்டால் யாரும் அணியாமலே ஓடிக்கொண்டிருக்கும். நாளொன்றுக்கு அறுநூறு எழுநூறு சுற்றுகள் என்று அளவு குறித்து வைக்கலாம். பல கடிகாரம் உடையவர்களுக்கு அது வசதியானதுதான். அப்பாவின் கடிகாரம் என்றும் நிற்காமல் ஓட வேண்டும் என்ற அவருடைய அன்பும் எனக்குப் புரிந்தது. மாமாவின் மகளோ படத்தருகே வைத்துவிடலாம், நின்றாலும் இருக்கட்டும் என்றார். அது என் கைக்கே வரும் என்று நான் உள்ளூர எண்ணியிருந்ததையும் இங்கே மறைக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டுகள் ஓட்டியவன் அல்லவா?

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “பெட்டியிலே சுத்துறதுக்கு அவரு வாங்கலே” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நீயும் ரிட்டயராகி வீட்டிலேதானே உக்காந்திருக்கே?” என்று கேட்டார். அவர் பகடியாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடும் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னார். கடிகாரத்தை எடுத்து, கல்லூரிக்குப் போய்வரும் மகள்வயிற்றுப் பேத்தியின் கையில் கட்டினார். மெல்லிய மணிக்கட்டு, தோல்வாரில் இரண்டு துளை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. அவள் நாள்தோறும் இரண்டு ரயில் மாறிப் போகிறவள், ஓரிடத்தில் நிற்காதவள். அத்தையின் தீர்ப்பில் குறை காண முடியவில்லை. அன்று மாலையே நான் மீண்டும் நடைப்பயிற்சியைத் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நின்றுபோன ஆட்டோமாட்டிக் வாட்ச் கெட்டுப்போனது ஆகாது என்பதை அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தேன். தேர்வு நாட்களில் அவள் அதைக் கழற்றி வைப்பதுண்டு. மீண்டும் கட்டிக்கொண்டு நாலடி நடந்தால் உயிர் வந்துவிடும். நேரத்தை மட்டும் யாரிடமாவது கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களில் தமிழும் ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருக்கிறது. மூன்றாம் தலைமுறைக் குழந்தையின் நாவில் அது சில காலம் நின்றுபோகலாம். பாட்டியோடு பத்து நாள் பேசினால் ஓடத் தொடங்கும். முதலில் சற்று முந்தும், பிந்தும். பேசப் பேசச் சரியாகும். பெட்டியில் வைத்துப் போற்றுவதால் மட்டும் அது ஓடாது.

நம் வீட்டு அலமாரிகளிலும் வங்கிப் பெட்டகங்களிலும் பெரியவர்களின் கடிகாரங்கள் பல உறங்கிக்கொண்டிருக்கும். அவற்றை எடுப்பவர்களுக்கு ஒரு சொல். பல்லாண்டு கிடந்த கடிகாரத்தை உடனே ஆட்டி ஓடவிடாதீர்கள். உள்ளேயிருக்கும் எண்ணெய் இறுகியிருக்கும். உலர்ந்த இடத்தில் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும். தேர்ந்த கையில் கொடுத்துக் கழுவி எண்ணெய் இட்டபின் அணியுங்கள். காந்தத்துக்கருகில் வைக்காதீர்கள். நொடிக்கணக்கு பார்த்து வருந்தாதீர்கள். நாளொன்றின் 86,400 நொடியில் பத்து நொடி தவறுவது, 8,640இல் ஒரு பங்கு. மனிதரில் யார் அவ்வளவு சரியாக இருக்கிறோம்?

மாமாவின் பேத்தி இப்போது வேலைக்குப் போகிறாள். கடிகாரம் நாளொன்றுக்கு அரை நிமிடம் முந்துகிறது, யாரிடம் காட்டலாம் என்று சென்ற மாதம் கேட்டாள். மாடிப்படியின் கீழிருந்த கடை இன்று இல்லை. அவ்விடத்தில் கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். தாதர் பக்கம் பழைய கடிகாரங்களைத் திறக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் இருப்பதாகக் கேள்வி. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் அவரைத் தேடிப் போகிறோம்.